ஒரு பழைய பெட்டி, ஒரு தராசு, ஒரு லூப்

பழைய சாமான் ஏதாவது கைக்கு வந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடுவது துணியும் பாலிஷும்தான். அழுக்கு போனால்தானே பொருள் என்னவென்று தெரியும் என்று ஒரு நினைப்பு. நடப்பது நேரெதிர். அதை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், எதனால் செய்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும் தடயங்கள் பெரும்பாலும் அந்த மங்கலோடும் கறையோடும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய நாணயத்தைச் சேகரிப்பாளர் ஒரு முறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேற்பரப்பில் ஓடும் மெல்லிய கீறல்களே அவருக்குப் போதும்.

வீட்டில் யாரும் திறக்காமல் கிடந்த மரப்பெட்டி ஒன்றைப் பிரித்தபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை. "உள்ளே ஒன்றும் இல்லை, அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம்" என்று பெட்டிக்குத் தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்தது. திறந்து பார்த்தால் அந்தத் தீர்ப்பில் பெரிய தப்பும் தெரியவில்லை. கறுத்த கரண்டிகள், துருப்பிடித்த ஒரு இழைப்புளி, ஓடாத கைக்கடிகாரம், ஷட்டர் இறுகிப்போன கேமரா, மண் நிறத்தில் ஒரு பேனா, கயிறு கட்டிய கடித உறைகள், அடியில் ஆணியும் திருகும் சாவியும்.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கூடவே வைத்துக்கொண்டவை: 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு காந்தம், சாதாரண டார்ச், புற ஊதா டார்ச், நூல், பென்சில், நோட்டு. பாலிஷ் டப்பாவை வேண்டுமென்றே அடுத்த அறையில் விட்டுவிட்டேன். பெட்டியிலிருந்து வெளியே வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே எல்லாவற்றையும் படம் எடுத்தாயிற்று. பேனாவைச் சுற்றியிருந்த மடித்த தாளையும் எறியவில்லை. அது வெறும் பொதி தாள் இல்லை, பேனாவுக்கான பழைய உத்தரவாதச் சீட்டு என்பது விரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பொருளோடு வந்த சீட்டு, டப்பா, ரசீது, யாரோ கிறுக்கிய பெயர் எதையும் பொருளிலிருந்து பிரிக்கக்கூடாது. பிரிந்துவிட்டால் எது எதனுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கரண்டிகள்: தண்ணீர் சொன்ன பதில்

கறுப்பாக இருப்பதால் வெள்ளி என்றோ, கறுக்காததால் வெள்ளி இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. காந்தமும் இங்கே பாதி உதவிதான். ஒட்டினால் உள்ளே இரும்பு என்று தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் வெள்ளியாகவும் இருக்கலாம், பித்தளையாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம்.

முதலில் லூப் வைத்துக் காம்பின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கரண்டியில் சின்னச் சின்னக் கேடயங்களுக்குள் நான்கு எழுத்துகள், தனித்தனியாக: ஈ, பி, என், எஸ். பார்வைக்கு அரசு முத்திரை மாதிரியே இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அப்படி அடித்திருக்கிறார்கள். நிக்கல் சில்வர்மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. நிக்கல் சில்வரில் பெயருக்குக்கூட வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. மேசையில் வைக்கும்போது கரண்டிக் குழியின் அடிப்பாகம்தான் உராயும். அந்த இடத்தில் முலாம் தேய்ந்து உள்ளே மஞ்சள் சாயல் தெரிந்தது.

இன்னொரு கரண்டியில் முத்திரைகள் தேய்ந்து போயிருந்தன. ஒன்று மட்டும் நடக்கும் சிங்கம்போலப் பட்டது. பிரிட்டனில் 92.5 சதவீத வெள்ளிக்கு 1544 முதல் அடிக்கப்படும் முத்திரை அது. ஆனால் தேய்ந்த குறியில் சிங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் எதிலும் சிங்கம் தெரியும். அதனால் தராசை எடுத்தேன்.

செய்முறை இதுதான். முதலில் கரண்டியைக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். பிறகு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். கரண்டியை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியிலும் சுவரிலும் படாமல் பிடிக்க வேண்டும். தராசு இப்போது காட்டும் கிராம் எத்தனையோ அத்தனை கன சென்டிமீட்டர்தான் கரண்டியின் கன அளவு. காய்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. ஆர்க்கிமிடீஸ் கணக்குதான், பொருளுக்கு ஒரு கீறல்கூட விழாது.

ஈ.பி.என்.எஸ். கரண்டி 58.1 கிராம், தண்ணீரில் 6.7. வகுத்தால் 8.7, நிக்கல் சில்வருக்குச் சரியாகப் பொருந்துகிறது. சிங்கக் கரண்டி 62.4 கிராம், தண்ணீரில் 6.0. வகுத்தால் 10.4. தூய வெள்ளி 10.5, 92.5 சதவீத வெள்ளி அதற்குச் சற்றுக் கீழே. பித்தளை 8.5 பக்கம்தான் நிற்கும். இந்தத் தராசில் 0.1 கிராம் முன்னே பின்னே போனாலும் 8.7 என்பது 10.4 ஆகிவிடாது. குழியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மட்டும் கணக்கு கெடும். விரலால் தட்டிக் குமிழியை விரட்டிவிட்டு அளக்க வேண்டும். பிடி உள்ளீடற்ற கத்திகளுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, ஏனென்றால் அவற்றின் உள்ளே பிசின் அடைத்திருப்பார்கள்.

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் மூன்றையும் சேர்த்து வெள்ளியைச் சில நிமிடங்களில் வெளுக்க வைக்கும் வித்தையை எல்லோரும் சொல்வார்கள். வேதியியல் சரிதான். வெள்ளியோடு சேர்ந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடுகிறது, வெள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பூவேலைப் பள்ளங்களில் தங்கியிருக்கும் கறுப்பும் கூடவே போய்விடும். அந்தக் கறுப்பு இருந்தால்தான் வேலைப்பாடு எடுத்துத் தெரியும். மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் மேட்டுப் பகுதிகளை மட்டும் ஒற்றி எடுத்தேன். பள்ளத்தைத் தொடவில்லை.

பேனா

அதிக நேரம் பிடித்தது இதுதான், மனத்துக்கு அதிகம் பிடித்ததும் இதுதான். வெளியே பார்த்தால் காய்ந்த மண் நிறம், பளபளப்பு சுத்தமாக இல்லை. மூடியைத் திருகிக் கழற்றினால், மூடிக்குள் மறைந்திருந்த கழுத்துப் பகுதி நல்ல கறுப்பு. அந்த எல்லைக் கோடே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. கட்டைவிரலால் ஒரு மூலையை வேகமாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் கந்தக வாடை. எபோனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வெகுநேரம் சூடாக்கிக் கெட்டியாக்கிய பொருள். வெளிச்சமும் ஈரமும் பட்டுப்பட்டுக் கறுப்பு பழுப்பாகிவிடும். கற்பூர வாடை வந்திருந்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். பழைய பேனா என்ன பொருள் என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு நைட்ரோசெல்லுலோஸ் வகை, சட்டென்று தீப்பிடிக்கும். மூக்கு போதும்.

பக்கவாட்டில் சின்ன லீவர். உள்ளே ஒரு ரப்பர் பை, லீவரைத் தூக்கினால் ஒரு தகடு அந்தப் பையை நசுக்கும், விட்டால் பை உப்பி மையை உறிஞ்சும். இந்த முறைக்கு வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை பெற்றார். பெரிய நிறுவனங்கள் 1920களின் நடுவில் எபோனைட்டை விட்டுச் செல்லுலாய்டுக்கு மாறத் தொடங்கின. ஆனால் எபோனைட் பேனா செய்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆகவே பொருளை வைத்து மட்டும் வயது சொல்லிவிட முடியாது. நிப்பு, கிளிப், உடலில் செதுக்கிய பெயர், உத்தரவாதச் சீட்டு எல்லாம் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதில் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

நிப்பில் காய்ந்த மை அப்பியிருந்தது. ஈரப் பஞ்சால் நிப்பை மட்டும் ஒற்றியதும் எழுத்து தெரிந்தது: 14 காரட். 585 என்று எண் போட்டிருந்தாலும் பொருள் இதேதான், ஆயிரத்தில் 585 பங்கு தங்கம். முலாம் பூசிய எஃகு நிப்பு என்றால் நடுத்துளையின் விளிம்பிலும் பிளவின் ஓரத்திலும் வெள்ளை தெரியும், சில சமயம் துருப்புள்ளியும் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை.

"தங்கமா? அப்படியானால் உருக்கலாமே" என்று வீட்டில் ஒரு குரல். இந்த அளவு சின்ன நிப்பில் தங்கம் அரை கிராமைத் தாண்டுவதே அரிது. உருக்கினால் கிடைப்பது அற்பம், போவதோ எழுதக்கூடிய ஒரு பேனா. நிப்பின் உயிர் தங்கத்தில் இல்லை, நுனியில் இருக்கிறது. தங்கம் மெத்தென்றது, தாளில் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் நுனியில் ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம் போன்ற கடின உலோகக் கலவையில் ஒரு குட்டி மணியைப் பற்றவைத்து, நடுவில் பிளந்திருப்பார்கள். லூப்பில் பக்கவாட்டில் பார்த்தேன். இரண்டு பக்கமும் மணி இருக்கிறது, இரண்டு முனையும் ஒரே நீளம். ஒரு பக்க மணி உதிர்ந்திருந்தால் கதை வேறு. மறுபடி மணி வைப்பது தனி வித்தகர்கள் செய்யும் வேலை.

இனி பிரிக்க வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே காய்ந்த விதைபோலக் கலகலவென்று சத்தம். ரப்பர் பை கல்லாகி நொறுங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். இந்த நிலையில் லீவரைத் தூக்கக்கூடாது. கெட்டியாகிப்போன பை இடம் கொடுக்காது, லீவரோ அதன் அச்சோ உடையும்.

கழுத்துப் பகுதி உடலுக்குள் இறுக்கமாகச் செருகியிருந்தது, திருகு இல்லை. மூட்டில் கொஞ்சம் அரக்கும் பூசியிருப்பார்கள். அரக்குச் சூட்டுக்கு இளகும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே, விரலால் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது ஆனால் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சூடு காட்டினேன். இரண்டு கையிலும் ரப்பர் துண்டு வைத்துப் பிடித்து, முறுக்காமல் இழுக்காமல், மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தேன். அசையவில்லை. மறுபடி சூடு, மறுபடி அசைவு. இந்த வேலையில் கிளிப்பைவிட, நிப்பைவிட அதிகம் உடைவது பொறுமைதான். இடுக்கியை எடுக்கும் கணத்தில் பேனா உடல் பிளந்துவிடும். கடைசியில் "டக்" என்று விட்டது. உள்ளிருந்து பழுப்புத் துகள்கள் துணிமேல் கொட்டின.

கழுத்தின் பின்பக்கக் காம்பில் ஒட்டியிருந்த பழைய ரப்பரைப் பிளேடின் முதுகால் சுரண்டினேன். உடலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நசுக்கும் தகட்டில் மேலாகத் துரு, வளையவில்லை, நல்ல வேளை. புதுப் பைகள் எண் போட்டு வரும். எண் என்பது அங்குலத்தின் 64 பாகத்தில் எத்தனை என்பதுதான். 16-ஆம் எண் என்றால் 16/64 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் விட்டம். உடலுக்குள் தகட்டோடு சேர்ந்து சிக்காமல் போகக்கூடியதில் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுக்கமான பை உள்ளே திருகிக்கொள்ளும். நீளத்தை உடலின் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, காம்பில் மெல்லிய அரக்கு பூசி, பையை விரித்து ஏற்றினேன். இங்கே ஏன் அரக்கு, ஏன் சூப்பர் கம் கூடாது என்று கேட்கலாம். நாளைக்கு இந்தப் பையும் கெடும், அப்போது இன்னொருவர் சூடு காட்டிப் பிரிக்க வேண்டியிருக்கும். சூப்பர் கம் போட்டால் அந்த வாய்ப்பை நாமே அடைத்துவிடுகிறோம். ஒரு இரவு காயவிட்டு, பைமேல் டால்க் தூவி, உள்ளே செருகியாயிற்று.

உடலின் பழுப்பு நிறத்தை என்ன செய்வது? கறுப்பு வரும்வரை தேய்க்கலாம், வரவும் செய்யும். ஆனால் உடலில் செதுக்கியிருக்கும் பெயரும் வரிகளும் காகிதக் கனம் ஆழம்தான். பழுப்பு போகும்போது அவையும் போகும். பெயர் இல்லாத கறுப்புப் பேனா வேண்டுமா, பெயர் உள்ள பழுப்புப் பேனா வேண்டுமா? எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. எபோனைட்டைத் தண்ணீரில் ஊறவும் வைக்கக்கூடாது. ஒரே இரவில் பழுப்பு இன்னும் ஏறிவிடும்.

மை நிரப்பும்போது லீவரை விட்டவுடன் எடுத்துவிடாமல் பத்து எண்ணும்வரை நிப்பு மைக்குள்ளேயே இருக்கட்டும். பை உப்ப நேரம் பிடிக்கும். பேனாவுக்கென்று வரும் சாதாரணச் சாய மைதான் ஊற்ற வேண்டும், ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் உள்ளே காய்ந்தால், நிப்புக்கு மை கொண்டுவரும் நாக்கு அடைத்துக்கொள்ளும். எழுதிப் பார்த்தேன். மெல்ல அழுத்தினால் கோடு விரிகிறது, விட்டால் மெலிகிறது. இப்போது வரும் பெரும்பாலான எஃகு நிப்புகளில் இது கிடைக்காது. பெட்டியிலேயே அசிங்கமாக இருந்தது இந்தப் பேனாதான்.

இழைப்புளி

அடியிலிருந்து முடிவரை ஒரே துரு. ஆனால் துரு ஆழமா மேலாகவா என்பதை நிறம் சொல்லாது, நகம் சொல்லும். சொரசொரப்பாக இருந்தாலும் குழி விழவில்லை. தகட்டைத் தாங்கும் பகுதிக்குப் பின்னால், வார்ப்பிலேயே காப்புரிமை ஆண்டுகள் தெரிந்தன. கடைசி ஆண்டு 1910. இதை வைத்து 1910-இல் செய்தது என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. இழைப்புளி செய்யும் ஸ்டான்லி நிறுவனம், இந்த அமைப்பை உருவாக்கிய லெனர்ட் பெய்லியின் காப்புரிமைகளை 1869-இல் வாங்கியது முதல் இந்த அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. அதனால் வயது சொல்வது இப்படிப்பட்ட சின்னக் குறிகள்தான்.

ஸ்டான்லி அளவு வரிசையில் இது 4-ஆம் எண். உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட இழைப்புளிகளில் ஒன்று, அரிய பொருள் என்று சொல்லவே முடியாது. இதே வடிவத்தில் ஐந்தரை அங்குலத்துக்கு ஒன்று உண்டு, 1-ஆம் எண். அதற்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள். நம்முடையது வேலைக்கான ஆயுதம், அதன் மதிப்பு முழுக்க வேலையில்தான். அதனால் பேனாவிடம் காட்டிய பயபக்தி இங்கே தேவைப்படவில்லை.

இருந்தாலும் முழுசாக அமிலத்தில் போடவில்லை. சிட்ரிக் அமிலம் துருவை நன்றாகத் தின்னும், கூடவே வார்ப்பிரும்பைச் சாம்பல் நிறமாக்கி உயிரில்லாமல் செய்துவிடும். மின்பகுப்பு முறை பழைய கறுப்புப் பூச்சைத் தூக்கிவிடலாம். செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று: நேர்முனையில் சாதாரண இரும்புதான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். நான் செய்தது மிக மலிவான வழி. மெல்லிய எண்ணெய் பூசி, சவரப் பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளினால் துரு மட்டும் செதிலாக வருகிறது. அடியில் கரும்பழுப்பாக ஒரு தோல் நிற்கிறது, அது இரும்பைக் காக்கும் தோல். அதை விட்டுவிட்டேன்.

கைப்பிடி மரத்தைத் துடைத்தபோது உள்ளே ரோஸ்வுட்டின் கருஞ்சிவப்பு வரிகள். ஒரு விரிசல், பசை செலுத்திக் கட்டி வைத்தேன். தகட்டை 25 டிகிரியில் தீட்டினேன். முதுகுப் பக்கம் முழுவதும் சமமாக வேண்டியதில்லை, வெட்டு விளிம்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் கண்ணாடியாக இருந்தால் போதும். வெட்டுத் தகட்டின்மேல் பொருத்தியிருக்கும் மேல்தகட்டின் முனை அதனோடு வெளிச்சம் புகாமல் உட்கார வேண்டும். அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சீவல் புகுந்து அடைத்துக்கொள்ளும். பழைய இழைப்புளி "வேலை செய்யவில்லை" என்று மூலையில் போடப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடிப்பாகத்தில் மெழுகுவத்தியை இரண்டு இழு இழுத்துவிட்டுப் பலகையில் தள்ளியதும், எழுத்து ஊடே தெரியும் சீவல் முழு நீளத்துக்கு வந்தது.

இன்னொன்று. கைப்பிடியைப் பிடித்திருக்கும் கம்பியின் மரை வழக்கமான அளவு இல்லை, 12-20 என்ற விசித்திர அளவு. சாதாரணத் திருகு எதுவும் சேராது. அதனால்தான் பெட்டியின் அடியில் கிடந்த துருத் திருகுகளைக் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கைப்பிடியின் பித்தளைத் திருகு அங்கேதான் இருந்தது.

கேமரா போனாலும்

கேமராவில் ஒன்றும் தேறாது. ஷட்டர் இறுகியிருக்கிறது, ஒளி புகாமல் தடுக்கும் நுரை ரப்பர் பிசுபிசுவென்று கூழாகிவிட்டது. ஆனால் லென்ஸ் திருகு வகை, எம்42: 42 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை. இந்த லென்ஸ்கள் ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி செய்யப்பட்டவை. இன்றைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) டிஜிட்டல் கேமராக்களில் அந்தத் தூரம் பல மாடல்களில் 20 மில்லிமீட்டருக்கும் கீழே. மீதி இடத்தில் ஒரு வெறும் உலோக வளையம் வைத்தால் போதும், லென்ஸ் பொருந்திவிடும். செத்த கேமராவோடு சேர்த்து நல்ல லென்ஸையும் குப்பையில் போடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகக் கிளைவிட்டுத் தெரியும். இல்லை. ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, சட்டென்று மூடித் திறக்கின்றன. ஆனால் கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சள். இதைப் பார்த்துத்தான் பலர் கெட்டுவிட்டது என்று ஒதுக்குகிறார்கள். ஒளிவிலகலைக் கூட்டுவதற்காக அந்தக் காலத்துச் சில உயர்தர லென்ஸ்களில் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். அதன் கதிரியக்கத்தால் கண்ணாடியே பல வருடங்களில் மஞ்சளித்துவிடும். புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் கலையும். லென்ஸின் பின்னால் அலுமினியத் தாள் வைத்து, புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழே வைத்துவிட்டேன். வெயிலிலும் ஆகும், ஆனால் திறந்த லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ வைத்துவிடும், யோசித்துச் செய்யுங்கள். சாதாரணமாகப் படம் எடுப்பதில் இதன் கதிர்வீச்சு பயப்படும் அளவு இல்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, அவ்வளவே.

கடிகாரத்தை மட்டும் திறக்கவில்லை

முகப்பில் எண்களின்மேல் பழுப்பேறிய பசை. இருட்டில் ஒளிரவில்லை. ஒளிரவில்லையே, ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் இங்கே பெரிய பொறி. பழைய ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கும், கூட ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு இருக்கும். சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. விளக்கு அணைந்துவிட்டது, அடுப்பு அப்படியே எரிகிறது. மூடியைத் திறந்தால் உதிர்ந்த தூள் மூச்சில் போகும், அதுதான் கேடு. முகப்பின் அடியில் "டி" (T) என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியம், அரை ஆயுள் 12.3 ஆண்டு, பெரும்பாலும் அடங்கியிருக்கும். இதில் அந்த எழுத்து இல்லை. ஜிப் உறையில் போட்டுப் பெயர் எழுதித் தனியே வைத்தேன். ரேடியம் கையாளத் தெரிந்த பழுதுபார்ப்பவர் கிடைக்கும்வரை சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் வற்றிய இயந்திரம் ஓட ஓட அதன் அச்சுகள் தேயும். முகப்பைப் புதுசாக வண்ணமடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். கறை படிந்த அசல் முகப்புக்கு இருக்கும் மரியாதை புதுப் பூச்சுக்குக் கிடையாது.

காகிதங்களுக்கு அதிக வேலை இல்லை, செய்யாமல் இருப்பதுதான் வேலை. அஞ்சல்தலையை உறையிலிருந்து ஊறவைத்துப் பிரிக்கவில்லை, முத்திரை, தேதி, முகவரியோடு முழு உறையாக இருப்பதே நல்லது. செல்லோடேப் எங்கும் ஒட்டவில்லை. புற ஊதா டார்ச்சில் ஒரு "மிகப் பழைய" படம் நீல வெள்ளையாகப் பளீரிட்டது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் புழக்கத்துக்கு வந்தது 1950-ஐ ஒட்டித்தான். ஆகவே அது பழைய படத்தின் பிற்கால நகல். பின்பக்கக் குறிப்பைப் பென்சிலில் எழுதி, பி.வி.சி. அல்லாத உறையில் போட்டேன்.

விலை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, விற்று முடிந்த விலைதான் சந்தை. தேடும்போது விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், பல கனவுகள் அங்கேயே கலைந்துவிடும். மதிப்பு சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பு மட்டும் சொல்பவரிடம் போவது மேல்.

குப்பைக்கு ஒன்றும் போகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பூட்டில்லாத சாவிகள், கூழான கேமரா உடல், வளைந்த ஆணிகள் எல்லாம் போயின. ஈ.பி.என்.எஸ். கரண்டிகளைத் தினப் புழக்கத்துக்கு எடுத்தாயிற்று. சிங்கக் கரண்டியின் இரண்டு எடைகளையும் அடர்த்தியையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வைத்திருக்கிறேன், அடுத்து யார் எடுத்தாலும் மறுபடி தண்ணீரில் முக்க வேண்டாம் என்று.